அஸ்மத்துன்னிசாவின் பி.பி. நம்பர்

தங்கவேல் அஸ்மத்துன்னிசாவை முதலில் அறிந்தது குரலாகத்தான். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழைக்காலம். தி. நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. மேஜை மேல் போன் அடித்தது. எடுத்தான். எதிர்முனையில் ஒரு பெண் பேசினார். வார்த்தைகள் வாயை விட்டுவிட்டு மூக்கு வழியாக வந்தது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“லைன் சரியில்லீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றான்.

சத்தமாகச் சொன்னார். அப்போதும் புரியவில்லை.

“ஏதோ கோளாறுங்க. வெச்சுட்டு மறுபடியும் போடறீங்களா?”

“லைன் நல்லாத்தான் கீது தம்பி.” அந்தக் குரல் ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தது. “என் வாய்தான் அப்படி. நீ நிதானமா கேளு, நான் நிதானமா சொல்றேன். மயிலாப்பூர், கச்சேரி ரோடு. வூட்ல மோடம் மாட்டணும். வெள்ளிக்கெழம சாயங்காலம் வருவியா?”

தங்கவேலுக்குக் காது மடல் சுட்டது. முகவரியை எழுதிக்கொண்டு போனை வைத்த பிறகும் சூடு ஆறவில்லை.

தாராபுரத்துக்குத் தெற்கே, பஸ் நிற்குமோ நிற்காதோ என்கிற ஓர் ஊரிலிருந்து வந்தவன் அவன். அவனுடைய வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. பட்டத்தின் நகல் ஒன்றை லேமினேட் செய்து, ஸ்க்ரூ டிரைவர்களோடு சேர்த்துத் தோள்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவான். “எந்த வீட்லயாவது கேட்டாங்களாடா?” என்று கடையில் கேலி செய்வார்கள். “கேட்டா?” என்பான் தங்கவேல். கேட்டால் காட்டுவதற்கு இருக்கிறதே, அது போதாதா?

இன்டர்நெட் என்பது அப்போது ஊருக்குப் புதுச் சாமி. பெயர் எல்லோருக்கும் தெரியும், கோயில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கம்ப்யூட்டர் பேசுவதைச் சத்தமாக மாற்றிப் போன் கம்பிக்குள் அனுப்புகிற சின்னப் பெட்டிதான் மோடம். அதைத் தங்கவேல் நாலைந்து ஆபீஸ்களில் மாட்டியிருந்தான். வீடு என்று ஒன்றுக்குள் மாட்டப் போவது இதுதான் முதல் தடவை.

சந்துக்குள் சந்தாக விசாரித்துக்கொண்டு போனால், அது ஒரு பழைய ஸ்டோர். நடுவில் முற்றம், சுற்றி ஆறேழு போர்ஷன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு, ஒரே போன். போன் இருந்த போர்ஷனில்தான் அஸ்மத்துன்னிசா இருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. தலையில் முக்காடு, கையில் ஸ்கேல். மேலுதட்டின் நடுவிலிருந்து மூக்கு வரைக்கும் ஒரு பழைய தையல், சாக்கு மூட்டை வாயைக் கட்டியது போல இழுத்துப் பிடித்திருந்தது. தங்கவேல் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

“நல்லா ஒரு தபா பாத்துக்கோ” என்றார் அவர். “பாத்துட்டா அப்பால வேல செய்ய சுளுவா இருக்கும்.”

பார்த்தான். உண்மையாகவே சுளுவாகிவிட்டது.

பையைத் திறந்தபோது பட்டம் முதலில் வெளியே எட்டிப் பார்த்தது. அஸ்மத்துன்னிசா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தங்கவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாள் காத்திருந்த கேள்வி வரப்போகிறது.

“யாரு தம்பி லேமினேட் பண்ணது? கோணலா கீது பாரு. இந்தப் பக்கம் ஒரு நூல் எறங்கிருச்சு.”

அவருக்கு அதுதான் தொழில். கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் கோத்து அச்சகத்துக்குக் கொடுப்பார். தமிழ், இங்கிலீஷ், உருது மூன்றும் வரும். சிறு வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்ததே, அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதற்காகத்தானாம். அத்தா நூர் முஹம்மது புத்தகம் பைண்டு செய்கிறவர். தங்கச்சி தபஸ்ஸுமைப் பெற்றுப் போட்டுவிட்டு அம்மா போய்ச் சேர்ந்தபோது அஸ்மத்துன்னிசாவுக்குப் பதினாலு வயது. அன்றிலிருந்து தபஸ்ஸும் அவருடைய இடுப்பில்தான் வளர்ந்தாள்.

போனுக்கு எழுதிப் போட்டது அத்தா. வருஷக்கணக்காகக் காத்திருந்தார். லைன் வந்தபோது அவர் இல்லை. “போன் வந்துச்சு, பேசற ஆளு போய்ட்டாரு. எனக்கோ வாய் இப்பிடி. இந்த போன வெச்சிக்கினு நான் இன்னா பண்ண?” என்று அஸ்மத்துன்னிசா கேட்டாராம். கேட்டுவிட்டு, ஸ்டோர் முழுவதற்கும் அந்த நம்பரைக் கொடுத்துவிட்டார்.

பி.பி. நம்பர் என்றால் அந்த நாளில் எல்லாருக்கும் தெரியும். சொந்தப் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரை எழுதி, அருகில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். போன் வைத்திருக்கிறவர்கள் சிலர் சலித்துக்கொண்டு கூப்பிடுவார்கள், சிலர் வீட்டில் ஆளில்லை என்பார்கள். அஸ்மத்துன்னிசா அடுப்பில் பால் பொங்கினாலும் முற்றத்துக்கு வந்து பெயரும் ஊரும் சொல்லிக் கூப்பிடுவார். “வலியுல்லா! வாணியம்பாடி!” “ஜலஜா! ஷார்ஜா!” கூப்பிடுகிற வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் அந்தக் குரல் பழகிவிட்டிருந்தது. அவர்களில் ஒருவர்கூட லைன் சரியில்லை என்று சொன்னதில்லை. அப்படிச் சொன்னவன் தான் ஒருவன்தான் என்று தங்கவேல் நினைத்துக்கொண்டான்.

“சரி, மோடம் எதுக்குங்கக்கா? பத்திரிகை அனுப்பவா?”

அஸ்மத்துன்னிசா ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

தபஸ்ஸும் கல்யாணமாகி நியூ ஜெர்சியில் இருந்தாள். புருஷன் ஆதிலுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. வெயில் காலத்தில் ஒரு பையன் பிறந்திருந்தான், ஃபைஸான் என்று பெயர். பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. காலா ஜாடை என்று ஆம்பூரில் இருக்கும் ஆதிலின் அம்மா சொன்னாளாம். காலா என்றால் உருதுவில் அம்மாவின் உடன்பிறந்தவள், அதாவது அஸ்மத்துன்னிசா. அந்தச் சொல் ஆம்பூரிலிருந்து கிளம்பி, மூன்று வீடு தாண்டி, இந்த முற்றத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

“இப்ப ஆபரேசன் பண்ணிட்டாங்க. நல்லா கீதுக்கான்னு தங்கச்சி போன்ல சொல்றா. என்கிட்ட வேற எப்பிடி சொல்லுவா?” என்றார் அஸ்மத்துன்னிசா. “போட்டோவ ஆதில் இன்டர்நெட்ல போட்டுட்டாராம். நான் கண்ணால பாக்கணும் தம்பி. அவ்ளோதான்.”

ஆதிலே ஒரு சிநேகிதர் மூலம் புது மோடத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார். அதன் கரண்ட் பெட்டியை அஸ்மத்துன்னிசா ப்ளக்கில் குத்தப் போனபோது தங்கவேல் பாய்ந்து கையைப் பிடித்தான். அமெரிக்கக் கரண்டுக்குச் செய்தது, நம் ஊர்க் கரண்ட்டைக் குடித்தால் புகைந்துவிடும். பையிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து இடையில் வைத்தான். போன் ஒயரின் நுனியில் இருந்த கிளிப்பும் இங்கத்திய பெட்டிக்குள் நுழையவில்லை. வெட்டி, இரண்டு கம்பிகளைப் பல்லால் உரித்து, போனைக் கழற்றிய இடத்தில் இருந்த ஆணியில் சுற்றினான். மோடத்தின் நெற்றியில் சிவப்பு விளக்குகள் வரிசையாகக் கண் விழித்தன.

கம்ப்யூட்டரை நம்பர் போடச் சொன்னான். பெட்டிக்குள்ளிருந்து முதலில் டயல் டோன், பிறகு எங்கோ மணி அடிக்கிற சத்தம். அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. கீச்சென்று ஒன்று, அதற்குப் பதிலாகக் கொர்ரென்று ஒன்று, நடுவே ரப்பர் பந்து குதிப்பது போல. இரண்டு இயந்திரங்கள் இருட்டில் ஒன்றையொன்று தடவிப் பார்த்து, நீதானா நீதானா என்று கேட்டுக்கொண்டன. எத்தனை தடவை கேட்டிருந்தாலும் தங்கவேலுக்கு அந்தச் சத்தத்தில் கை மயிர் நிமிரும்.

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த வலியுல்லா எட்டிப் பார்த்தார். “இன்னாக்கா, போனுக்குள்ள பூன கீன மாட்டிக்கிச்சா?”

சத்தம் அடங்கியது. இணைந்தது. அஸ்மத்துன்னிசா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அதே நொடி அறுந்து போனது.

மறுபடி போட்டான். இணைந்தது, அறுந்தது. இன்னொரு முறை. சில சமயம் முகவரியைத் தட்டி முடிக்கும்வரை நின்றது, சில சமயம் அதுவும் இல்லை. ஆணியில் சுற்றிய கம்பியை அவிழ்த்துச் சுற்றினான். கம்ப்யூட்டருக்குள் இருந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். மூன்று வருஷம் படித்ததில் இதற்கான பாடம் எந்த செமஸ்டரில் வந்தது என்று யோசித்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அஸ்மத்துன்னிசா டீ கொண்டுவந்து வைத்தார். அது அவனை இன்னும் வாட்டியது.

அப்போதுதான் எதிர்ப் போர்ஷன் ஜலஜா மாமி முந்தானையில் கையைத் துடைத்தபடி முற்றத்தைத் தாண்டி ஓடி வந்தார். “அஸ்மத்! நம்ம போனுக்கு என்ன ஆச்சு? நானும் எடுத்து எடுத்துப் பாத்துண்டே இருக்கேன், உள்ளே யாரோ பேயாட்டம் கத்தறா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எங்காத்துக்காரர் எப்படிப் பேசுவார்?”

தங்கவேல் தலையைத் தூக்கினான். “எந்த போனுங்க?”

“எங்காத்து அடுக்களையில இருக்கே, அது.”

முற்றத்தின் குறுக்கே துணி காயப்போடுகிற கம்பி ஒன்று ஓடியது. வரும்போதே அதற்குக் குனிந்துதான் வந்திருந்தான். ஈரப் புடவைகளை விலக்கிப் பார்த்தால், கம்பியோடு கம்பியாகக் கொடி படர்ந்த மாதிரி ஒரு போன் ஒயர் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. அச்சகத்துக்குப் போகிற நாட்களில் பி.பி. போன்களை ஜலஜா எடுக்கட்டும் என்று அஸ்மத்துன்னிசா இழுத்துக் கொடுத்தது. ஷார்ஜாவில் கணக்கு எழுதுகிற ஜலஜாவின் புருஷன் சுவாமிநாதன், வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை மாலைதான் பேசுவார். அந்த நேரம் நெருங்க நெருங்க, போனில் உயிர் இருக்கிறதா என்று ஜலஜா எடுத்து எடுத்துப் பார்ப்பது வழக்கம். அங்கே எடுத்தால் இங்கே அறுந்துவிடும்.

“ரெண்டாவது போன் இருக்குன்னு சொல்லவே இல்லீங்களேக்கா!”

“ரெண்டாவதா?” அஸ்மத்துன்னிசாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “அதுவும் இதே போன்தான தம்பி?”

தங்கவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜலஜா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, “நான் தொடவே மாட்டேம்ப்பா” என்றார். மறுபடி நம்பர் போட்டான். பூனை கத்தி ஓய்ந்தது. இந்த முறை நின்றது.

ஆதில் கொடுத்திருந்த முகவரியைத் தட்டினான். வெள்ளைத் திரை. வெகுநேரம் வெள்ளைதான். பிறகு மேல் ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்குக் கறுப்பு. அதன் கீழ் இன்னொரு நூல். முடி.

படம் மேலிருந்து கீழாக, தறியில் சேலை இறங்குவது போல இறங்கியது. எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு குழந்தை இருக்கிறது. அதன் முகம் நூல் நூலாகப் பிரிந்து, கடலைத் தாண்டி, மயிலாப்பூர் எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்து, ஜலஜா மாமியின் ஈரப் புடவைக்குக் கீழே ஓடும் கம்பியையும் தொட்டுக்கொண்டு, இங்கே மறுபடி முகமாகிக்கொண்டிருக்கிறது. தங்கவேலுக்கு இதன் கணக்கெல்லாம் தெரியும். ஆனாலும் மூச்சு விட மறந்து நின்றான். நெற்றி வந்தது. நெற்றியோரத்தில் கண்மைப் பொட்டு. புருவம். பிறகு கண்கள், இரண்டும் நேராக இவர்களைப் பார்த்தன.

“தபஸ்ஸும் கண்ணு” என்றார் அஸ்மத்துன்னிசா.

மூக்குத் தண்டு. மூக்கின் நுனி. ஒரு பக்கம் துளி சப்பையாக. இனி உதடுதான்.

அஸ்மத்துன்னிசா திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “தம்பி, புடுங்கிரு.”

“என்னதுங்க?”

“ஒயர. போன மாட்டு. ஜலஜா வூட்டுக்காரரு இப்ப பூத்துல க்யூல நின்னுக்கினு இருப்பாரு. எங்கேஜ்டு வந்தா மறுபடி கடைசிக்குப் போவணும் அந்த மனுசன்.”

“ஐயோ, விடுங்கோ அஸ்மத்!” ஜலஜா பதறினார். “இன்னும் ரெண்டு விரக்கடைதான் பாக்கி. அவர் அடுத்த வெள்ளிக்கிழமை பேசிக்கட்டும்.”

“நம்பர் குடுத்தது யாரு? நானு. எப்ப போட்டாலும் லைன் இருக்கும்னு வாயால சொன்னதும் நானு. இந்த வாயால.”

“அக்கா, ஒரு நிமிசம் பொறுங்க, வந்துரும்ங்க” என்று தங்கவேல் கெஞ்சினான். அவர் எட்டித் தானே ஒயரைப் பிடுங்கினார். மோடத்தின் விளக்குகளில் ஒன்று அணைந்தது. திரையில் ஃபைஸான் மூக்கு வரைக்கும் வந்து, அதற்குக் கீழே வெறும் வெள்ளையாக நின்றுவிட்டான்.

போனை மாட்டியதும் மாட்டாததுமாக அது அலறியது. அஸ்மத்துன்னிசா எடுத்தார், கேட்டார், பக்கத்திலேயே நின்றவரைப் பார்த்து, வழக்கம் மாறாமல் முற்றமே அதிரக் கூப்பிட்டார். “ஜலஜா! ஷார்ஜா!”

“நான்தான்னா” என்றார் ஜலஜா. “ஆமா, சௌக்கியம். எல்லாரும் சௌக்கியம். மருந்து சாப்பிடறேளா? சரி, வைங்கோ... கோபமெல்லாம் ஒண்ணுமில்லை. அஸ்மத் ஆத்துல ஒரு குழந்தை மூக்கு வரைக்கும் வந்து நிக்கறது... குழந்தைன்னா குழந்தைதான், அடுத்த வாரம் சொல்றேன், வைங்கோன்னா!” என்று டொக்கென்று வைத்துவிட்டார்.

துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போனவர்களின் மனைவிமார்கள் போனை விட மனசில்லாமல் காதோடு வைத்தபடி நிற்பதைத் தங்கவேல் பூத்துகளில் பார்த்திருக்கிறான். முதலில் வைத்த ஒருத்தியை அன்றுதான் பார்த்தான். அந்தப் பக்கம் கம்பிக்குள் முகத்தையே அனுப்புகிற அதிசயம். இந்தப் பக்கம் இந்த இரண்டு பெண்கள். எதைப் பார்த்து வாயைப் பிளப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நீ போடு நைனா” என்றார் வலியுல்லா. “நான் மாமி வூட்டு போனாண்ட காவல் நிக்கிறேன். எவன் தொடறான் பாப்போம்.”

படம் விட்ட இடத்திலிருந்து வரவில்லை. முதலிலிருந்தே தொடங்கியது. முடி, நெற்றி, பொட்டு, புருவம். தங்கவேல் தன் ஊர் அங்காளம்மனைக் கூப்பிட்டுக்கொண்டான். கண், மூக்கு. ஜலஜாவின் கைகள் இன்னும் பின்னால் கட்டியபடியே இருந்தன. உதட்டின் மேல் விளிம்பு வந்தது. நடுவில் வெளிர் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. அதன் கீழே பல்லில்லாத வாய் அகலமாகத் திறந்திருந்தது. பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அஸ்மத்துன்னிசா திரைக்கு மிக அருகே குனிந்து, அச்சுப்பிழை தேடுகிற கண்ணால், அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் படித்தார்.

“கோடு நேரா கீது” என்றார்.

பிறகு, “இன்னும் பெரிசு பண்ணு.” தங்கவேல் பெரிதாக்கினான். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. “வாணாம், சின்னதாவே இருக்கட்டும்” என்று மறுபடி பார்த்தார்.

“ஜலஜா, சிரிக்கிறான் பாரு. சிரிச்சாகூட இழுக்கல. என்னுது சிரிச்சா இழுக்கும். அதனாலயே நான் போட்டோவுக்கு சிரிச்சதில்ல. இவனுக்கு இழுக்கல பாரு.” சொல்லிக்கொண்டே அவர் சிரித்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மேலே போனது. கண்களிலிருந்து கொட்டிக்கொண்டிருந்த நீரை அவர் துடைக்கக்கூட இல்லை. “யா அல்லாஹ்” என்றார். ஜலஜா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, “கபாலீஸ்வரா” என்றார். எதிர்ப் போர்ஷனிலிருந்து வலியுல்லா, “இன்னாக்கா ஆச்சு? நான் வரலாமா, இங்கியே நிக்கணுமா?” என்று கத்தினார்.

அன்றைக்கே தங்கச்சிக்கு ஈமெயில் எழுதவும் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்தில் உருது, ஒரே வரி. என்ன எழுதினார் என்று தங்கவேல் கேட்டான். “பாத்துட்டேன். இழுக்கல. அவ்ளோதான்” என்றார். அனுப்பி முடிந்ததும் ஒயரைப் பிடுங்கி, போனை அதன் இடத்தில் மாட்டினார். “யார் யாருக்கு வரணுமோ.”

கிளம்பும்போது தங்கவேலிடம் கேட்டார். “உன் ஊர்ல இருந்து உனக்கு எப்பிடி போன் பண்ணுவாங்க தம்பி?”

மந்தைவெளியில் ஒரு மேன்ஷன் அறையில் இருந்தான் அவன். அங்கே போன் கிடையாது. அம்மாவின் குரலைக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கடிதம் போடுவார்கள் என்றான். அஸ்மத்துன்னிசா கம்ப்யூட்டர் முன் மறுபடி உட்கார்ந்தார். அவன் பெயருக்கு ஒரு விசிட்டிங் கார்டு கோத்தார். தங்கவேல், பி.எஸ்ஸி. அதன் கீழே ஒரு நம்பர், பக்கத்தில் பி.பி. எழுத்துகள் ஒரு நூல்கூட இறங்காமல் நேராக இருந்தன.

கார்டு ஒன்றைக் கடிதத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, அவன் வந்து காத்திருந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த முற்றத்தில் ஒரு குரல் எழுந்தது. “தங்கவேலு! தாராபுரம்!”

அஸ்மத்துன்னிசா இப்போதும் அதே ஸ்டோரில்தான் இருக்கிறார், பத்திரிகை கோக்கிறார். லைன் இரண்டாகிவிட்டது: ஒன்று இன்டர்நெட்டுக்கு, மற்றது பி.பி.க்கு. ஃபைஸான் வாய்க்குள் மேலண்ணத்தில் இருந்த பிளவுக்கும் ஆபரேஷன் முடிந்து நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடம் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலாவிடம் போனில் பேசுகிறான். அவர் சொல்வது எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லி அவன் கேட்டதில்லை.